கட்சால் தீவின் இருப்பிடம்

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியில் உள்ளது கட்சால். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழ்க் குடும்பங்கள் சில அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தை நம்பிக் குடியேறின. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிப் பெருந்துயர் விளைத்த தீவுகளுள் அதுவும் ஒன்று.

இத்தகைய ஊரைக் கடலில் தேடுவோர்க்கு எண்களே வழிகாட்டி. கட்சால் ஏறத்தாழ வட அட்சம் 7 டிகிரி 57 நிமிஷத்திலும், கிழக்குத் தீர்க்கம் 93 டிகிரி 23 நிமிஷத்திலும் அமைந்துள்ளது. கைத்தொலைபேசியிலோ இவை பெரும்பாலும் தசாம்சமாக வரும். இரயில் கால அட்டவணையில் 7.57 என்றால் 7 மணி 57 நிமிஷம் என்றே நாம் படித்துப் பழகியுள்ளோம். அப்பழக்கம் இங்கே உதவாது. நிமிஷத்தை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுதல் வேண்டும். 57-ஐ 60-ஆல் வகுக்க 0.95, ஆகவே அட்சம் 7.95. இவ்வாறே தீர்க்கம் 93.38 ஆகும்.

மாறாக 7.57 என்று எழுதிவிட்டால் 0.38 டிகிரி குறைந்துவிடும். அட்சத்தில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் ஆதலின், தேடிச் செல்லும் படகு 42 கிலோமீட்டர் தெற்கே விலகி வெறுங்கடலில் நிற்கும். ஆபத்துக் காலத்தில் அத்தூரம் உயிரின் விலையாகும். ஆகவே உற்றாரின் இருப்பிடத்தைக் குறித்துவைக்கும் அன்பர்கள், டிகிரி நிமிஷமா, தசாம்சமா என்பதையும் உடன் எழுதிவைப்பார்களாக.