கல்லறையில் வேறொருத்தி

மோசமான நாவல் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, முடித்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு நாவல் ஏமாற்றம் தரவேண்டுமானால் முதலில் நம் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க வேண்டும். டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ (1938) அப்படிச் சம்பாதித்த நாவல். காதலும் மர்மமும் கலந்து பின்னால் வந்த எத்தனையோ புத்தகங்களுக்கு அதுதான் அச்சு. இந்த வகை எழுத்து நம் கவனத்துக்கு அருகதையற்றது என்று நம் வட்டத்தில் ஒரு முடிவு உண்டு. கவிஞரான நண்பர் ஒருவர் என் கையில் இதைப் பார்த்துவிட்டு, “என்ன, ஜுரமா உமக்கு?” என்று கேட்டார். படுக்கையில் கிடக்கும்போது பொழுதுபோகப் படிக்கிற சரக்கு என்பது அவர் கணிப்பு. எனக்கு இந்த அலட்சியத்தில் உடன்பாடில்லை. இந்த நாவலோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சரக்கோடு யாரும் வழக்காடுவதில்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். பணக்கார அம்மாள் ஒருத்திக்குச் சம்பளத் துணையாக மான்டி கார்லோவுக்கு வந்திருக்கும் இளம்பெண்ணை, மனைவியை இழந்த மாக்ஸிம் டி வின்டர் மணந்துகொண்டு, இங்கிலாந்தின் கடலோரத்தில் இருக்கும் தன் மேண்டர்லி மாளிகைக்கு அழைத்துப்போகிறான். கதையைச் சொல்பவள் அவள்தான். ஆனால் அவள் பெயர் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. செத்துப்போன முதல் மனைவியின் பெயரோ புத்தகத்துக்கே தலைப்பாக நிற்கிறது.

முதல் மூன்றில் இரண்டு பங்கில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நான் மதிப்பது அந்தப் பகுதியைத்தான். அவள் ஒரு பீங்கான் பொம்மையைக் கைதவறி உடைத்துவிடுகிறாள். வீட்டு எஜமானி, துண்டுகளை மேஜை இழுப்பறைக்குள் ஒளித்துவைக்கிறாள். பழி ஒரு வேலைக்காரன் மேல் போகும்போது, வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாளின் எதிரில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒப்புக்கொள்ள வேண்டிவருகிறது. கொலை, பேய், ரத்தம் எதுவும் இல்லாமல் இந்த இடத்தில் எனக்குக் கை வியர்த்தது. ரெபெக்காவைப் பற்றி அவளுக்குக் கிடைப்பவை எவ்வளவு சொற்பம்! ஒரு சாய்ந்த கையெழுத்து, மழைக்கோட்டுப் பையில் ஒரு கைக்குட்டை, மற்றவர்கள் பாதியில் நிறுத்திய பேச்சு. இவற்றை வைத்து அவளே ஒரு ரெபெக்காவைச் சிருஷ்டித்து, அவளுக்கே பயப்படுகிறாள். ‘அவள் யார்?’ என்ற ஒரே கேள்விதான் நாவலை நகர்த்துகிறது. டு மோரியே இதைப் பொறாமை பற்றிய ஆய்வாகத்தான் கருதினார். காதல் கதையாக விற்றது பதிப்புலகம்.

என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. முன்பு வைத்திருந்தவர் யாரோ பக்க ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். 27 அத்தியாயங்களில் பத்தொன்பதோடு கோடுகள் நின்றுவிடுகின்றன. புத்தகத்தைப் பாதியில் விட்டாரோ, வேகத்தில் பென்சிலைக் கீழே போட்டாரோ தெரியாது. என் வாசிப்பிலும் ஏதோ ஒன்று அங்கேதான் நின்றது.

அங்கேதான் மாக்ஸிம் வாயைத் திறக்கிறான். கடலடியில் ரெபெக்காவின் படகு அகப்பட்டுவிட்டது. உள்ளே ஒரு பிணம். ரெபெக்கா முழுகிச் சாகவில்லை, நான்தான் சுட்டேன், படகில் போட்டு முழுக அடித்தேன் என்கிறான். அவளை நான் ஒருநாளும் நேசித்ததில்லை என்றும் சொல்கிறான். அவன் மனைவிக்கு இரண்டாவதுதான் காதில் விழுகிறது. கொலை அவளை உலுக்கவில்லை. கணவன் முழுதாகத் தனக்குக் கிடைத்துவிட்டான் என்ற நிம்மதி அவளை நிரப்புகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனம் அப்படித்தான் இயங்கும். பொறாமையின் குரூரத்தை இதைவிட உண்மையாகக் காட்டிவிட முடியாது.

என் ஏமாற்றம் இதற்கு அடுத்த பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அவளுடைய நிம்மதியை நாவலும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ‘அவள் யார்?’ என்று அத்தனை அத்தியாயங்கள் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, சுட்டவன் சொன்ன பதில் போதுமானதாகிவிடுகிறது. ரெபெக்காவுக்குக் காதலர்கள் இருந்ததை டான்வர்ஸும் ஃபேவலும் உறுதிப்படுத்துகிறார்கள். அவள் கொல்லத்தக்கவள் என்பதற்கு அவன் வார்த்தையைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது. ‘அவள் யார்?’ என்ற கேள்வி போய், ‘அவன் மாட்டுவானா?’ என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. படகில் துளையிட்டிருப்பதைப் படகு கட்டியவன் விசாரணையில் சொல்லும்போது என் நெஞ்சு படபடத்தது, மாக்ஸிமுக்காக. எழுத்தாளரின் சாமர்த்தியம் அது. அந்தச் சாமர்த்தியம் எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் என் வழக்கு.

பென் என்று ஒருவன் வருகிறான். கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கும் புத்தி வளராத மனிதன். ஃபேவல் அவனைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். தன்னை மனநோய் விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பீதியில், தான் யாரையும் பார்க்கவில்லை என்கிறான் பென். முன்பு அந்தப் பயத்தைக் காட்டி அவனை மிரட்டியவள் ரெபெக்காதான். இப்போது அந்தப் பயத்தின் லாபம் மாக்ஸிமுக்குப் போகிறது. ஓர் அநாதரவானவனின் நடுக்கம் கனவானைக் காப்பாற்றுகிறது. நமக்கோ ‘அப்பாடா’ என்றிருக்கிறது.

கடைசியில் லண்டன் டாக்டர். மாக்ஸிமைக் கொலைக்குத் தூண்டியது ரெபெக்கா சொன்ன ஒரு செய்தி: வேறொருவன் குழந்தை மேண்டர்லிக்கு வாரிசாக வரும் என்பது. டாக்டரின் பதிவேடு அதைப் பொய்யாக்குகிறது. அவளுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பே இல்லை. அவளுக்கு இருந்தது புற்றுநோய். சில மாதங்களில் எப்படியும் செத்திருப்பாள். ஆக, அவளே சாவை வரவழைத்துக்கொண்டாள், சுட்டவன் வெறும் கருவி! ஒரு மருத்துவக் குறிப்பு தர்மக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. 1940இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை ஹாலிவுட் தணிக்கை விதி அனுமதிக்கவில்லை. அதனால் ரெபெக்கா தடுக்கிவிழுந்து சாகிறாள். இலக்கிய அன்பர்கள் அந்த மாற்றத்தைக் கேலி செய்வதுண்டு. நாவல் புற்றுநோயைக் கொண்டு செய்ததைத்தானே படம் ஒரு தடுக்கலைக் கொண்டு செய்தது?

முதல் அத்தியாயங்களை மறந்துவிட்டாய் என்று சிலர் சொல்லக்கூடும். மேண்டர்லி எரிந்துபோய், கணவனும் மனைவியும் அந்நிய நாட்டு ஹோட்டல்களில், கிரிக்கெட் செய்தி படித்துப் பொழுதைத் தள்ளும் வெறுமையை நாவல் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. அதுதான் தண்டனை என்பது வாதம். கனமான வாதம்தான். ஆனால் அந்த வெறுமையில் அவர்கள் ஏங்குவது இழந்த வீட்டுக்காக, ரோஜாத் தோட்டத்துக்காக, தேநீர் வேளைக்காக. செத்தவளுக்காக ஒரு வரி துக்கம் இல்லை. ஏக்கத்தைத் தண்டனை என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அவரால் முடியாது என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். 1951இல் அவரே ‘மை கஸின் ரேச்சல்’ எழுதினார். ரேச்சல் விஷம் வைத்தவளா, நிரபராதியா? அவளைச் சாக விட்டுவிட்ட இளைஞன் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே மிச்ச நாளைக் கழிக்கவேண்டும், நாமும்தான். அங்கே எந்த டாக்டரும் வந்து விடுவிப்பதில்லை. மர்மக்கதை உருவத்துக்கு இந்த நேர்மை சாத்தியம் என்று நிரூபித்தவர் அவரேதான்.

‘ரெபெக்கா’வில் ஒரு சின்னத் தகவல் என்னை இன்னும் விடவில்லை. ரெபெக்கா காணாமல்போய்ச் சுமார் இரண்டு மாதங்கள் கழித்து வேறோர் இடத்தில் ஒரு பெண்ணின் சடலம் ஒதுங்குகிறது. மாக்ஸிம் போய்ப் பார்த்து, தன் மனைவிதான் என்று பொய்யாக அடையாளம் காட்டி, குடும்பக் கல்லறையில் வைத்துவிடுகிறான். படகில் கிடைத்ததுதான் ரெபெக்கா என்றால், கல்லறையில் இருப்பவள் யார்? அவளைத் தேடி வந்தவர்கள் யாரும் இல்லையா? சதிக்கு அவள் ஒருமுறை பயன்பட்டாள். அதற்குமேல் நாவலுக்கு அவள் வேண்டியிருக்கவில்லை. கதை சொல்கிறவளுக்கும் பெயர் இல்லை, இவளுக்கும் இல்லை. அந்த ஒருத்தியாவது இந்த இன்னொருத்தியைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.