ரேக்கு பாடிக்கு, பம்பு இன்ஜினுக்கு

என்னுடைய லான்சர் நான் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே செய்யப்பட்ட கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு சேர்ந்து, திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் 1998-இல் அந்தக் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. எங்கள் அத்திப்பட்டிலிருந்து அங்கே ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும். அவ்வளவு சுற்று இருந்தாலும் அதை நான் எங்கள் ஊர் வண்டி என்றுதான் சொல்வேன். அந்தத் தொழிற்சாலையில் இப்போது லான்சர் வருவதில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு லான்சரும் இன்னொரு லான்சரின் பாகத்தை நம்பித்தான் ஓடுகிறது.

இந்த வண்டி 1.5 லிட்டர் பெட்ரோலிலும் 2 லிட்டர் டீசலிலும் வந்தது. என்னுடையது டீசல். கடல் காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது முதலில் ஸ்டீயரிங்கில்தான் தெரிந்தது. ஓட்டத்தில் குறை இல்லை. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது மட்டும் கை வலித்தது. கீழே தரையில் சிவப்பாக ஆயில் சொட்டியிருந்தது. மீஞ்சூர் சாலையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணன் பம்பைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தார்.

"சீலு மட்டும் போயிருந்தா மாத்தி வுட்டுடலாம் சார். உள்ள ரிங்கே கோடு வுழுந்துட்ச்சி. வேற பம்புதான் பாக்கணும்."

சென்னைப் புதுப்பேட்டையில், பழைய பாகங்கள் விற்கும் கடையில் பம்பு கிடைத்தது. பெட்ரோல் வண்டியில் இருந்து கழற்றியது. "டீசலுக்கு இது உக்காருமாண்ணே?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு பம்புகளையும் பழைய பேப்பர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரேக்கு பாடிக்குச் சொந்தம் சார், பம்பு இன்ஜினுக்குச் சொந்தம். நடுவுல ஓஸுதான் ரெண்டுக்கும் பொதுவு. அங்கதான் தகராறு வரும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். பவர் ஸ்டீயரிங் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, உண்மையில் இரண்டு வீட்டுச் சம்பந்தம். ஸ்டீயரிங் ராடும் ரேக்கும் உடம்பின் வீட்டார். இன்ஜின் மாறினாலும் அவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பம்பு, அதைத் தாங்கும் பிராக்கெட், புல்லி, பெல்ட் எல்லாம் இன்ஜினின் வீட்டார். பிளாக்கில் போல்ட் துளை எங்கே இருக்கிறது, கிராங்க் புல்லி எவ்வளவு பெரிசு, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து அவர்கள் மாறுவார்கள். ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றுக்கு மாற்றுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த வீடு என்பதைத்தான்.

பம்பின் உள்ளே நடப்பதைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நடுவில் சுழலும் ரோட்டரில் சின்னச் சின்னத் தகடுகள் செருகியிருக்கும். சுழலும் வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு, சுற்றியுள்ள நீள்வட்ட வளையத்தை உரசிக்கொண்டே ஆயிலைத் தள்ளும். வேகம் கூடினால் ஆயிலும் கூடும். நமக்கோ நேர்மாறாக, வண்டி நின்று கொண்டிருக்கும்போதுதான் அதிக உதவி தேவை. ஆகவே ஐடிலிங்கிலேயே போதுமான ஆயில் வரும்படி பம்பைச் செய்து, வேகத்தில் வரும் மிச்சத்தை ஒரு வால்வு வழியாக உள்ளேயே திருப்பி விடுகிறார்கள்.

புல்லியின் அளவு முக்கியமாவது இங்கேதான். டீசல் இன்ஜின் பொதுவாகப் பெட்ரோலைவிட மெதுவாகச் சுழலும். அதன் எடையும் கூடுதல், முன்சக்கரத்தை அழுத்தும். பெட்ரோல் இன்ஜினுக்கென்று கணக்குப் போட்ட புல்லியை டீசலில் மாட்டினால், எந்த இடத்தில் அதிக ஆயில் வேண்டுமோ அந்த இடத்தில் குறைவாக வரும். பம்பு நல்லதாகவே இருக்கும். ஓட்டுகிறவர் அது கெட்டுவிட்டது என்பார். அண்ணன் பெட்ரோல் பம்பின் புல்லியைப் புல்லரால் இழுத்துவிட்டு, எங்கள் பழைய புல்லியை அதில் ஏற்றினார். பிராக்கெட்டும் எங்களுடையதே. அப்புறம் ஒரு நூலைக் கிராங்க் புல்லியில் பிடித்துப் பம்பு புல்லி வரை இழுத்துப் பார்த்தார். இரண்டு காடியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கீச்சிடும், பிறகு பேரிங்கைத் தின்னும்.

பெட்ரோல் பம்பில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது பம்பு இன்ஜினை இழுக்கும். கம்ப்யூட்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் இன்ஜின்களில் அந்தச் சுவிட்ச் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லி ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றச் செய்யும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசலில் எரிபொருள் பம்பின் கவர்னரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே எங்களுக்கு அந்தச் சுவிட்ச் தேவைப்படவில்லை. மாறாக, டீசல் பம்பைப் பெட்ரோல் வண்டிக்கு மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், ஒவ்வொரு முறை பார்க்கிங்கிலும் இன்ஜின் திக்கித் திணறும்.

தகராறு சொன்னபடி ஓஸில் வந்தது. மாற்றுப் பம்பின் வாய் வேறு பக்கம் பார்த்தது. பழைய ஓஸை வளைத்தால் எக்ஸாஸ்டைத் தொட்டுக்கொண்டு போகும். சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடிய குழாய் அது. சூடான இரும்பின் மேல் அந்த ஆயில் பீறிட்டால் வண்டியே தீப்பிடிக்கக்கூடும். பெல்ட் அறுந்தால்கூடக் கை வலிக்க ஓட்டி வீடு சேரலாம். ஓஸ் விஷயத்தில் மட்டும் யாருக்கும் நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

இங்கே எங்கள் பகுதி கை கொடுத்தது. கன்டெய்னர் தூக்கும் இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட், ஜே.சி.பி. எல்லாம் ஓடும் இடம் என்பதால் ஹைட்ராலிக் ஓஸ் கிரிம்பிங் செய்யும் கடைகள் உண்டு. அளவு கொடுத்தால் நம் கண்ணெதிரே அழுத்திக் கொடுப்பார்கள். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காருக்கென்று செய்யும் ஓஸ் லேசாக விரிந்து கொடுக்கும். பம்பின் ஒவ்வொரு துடிப்பையும் அது வாங்கிக்கொள்ளும். ஜே.சி.பி. ஓஸ் பலமானது, விரியாது. துடிப்பை அப்படியே ரேக்குக்குக் கடத்தும். அந்த ஓஸைத்தான் மாட்டினோம்; என் வண்டியில் இப்போது முழுத் திருப்பத்தில் ஒரு முனகல் கேட்கிறது. அண்ணன் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஓஸ் மாட்டியதும் அண்ணன் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். சிவப்பு ஏ.டி.எஃப். ஆயில் நுரைக்காமல் நின்ற பிறகுதான் சாவி போட்டார். அவசரக்காரர்கள் பிரேக் ஆயிலை ஊற்றிவிடுவது உண்டு. அது சீல் ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

அதே ஒர்க் ஷாப்பில் ஓர் அம்பாசடரும் நின்றது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 வரை வந்த அந்த வண்டி ஒரே உடம்பில் எத்தனை இன்ஜின்களைப் பார்த்திருக்கிறது! 1489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல், அதே குடும்பத்து டீசல், பிறகு இசுசுவின் 1817 சி.சி. பெட்ரோல், 2 லிட்டர் டீசல். பவர் ஸ்டீயரிங் வந்தது இசுசு காலத்தில்தான். அமெரிக்காவில் 1951-லேயே கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த வசதி அது. பொன்னேரிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குத் தம் பழைய பி.எம்.சி. டீசலில் அது வேண்டும். தோள் வலிக்கிறது அவருக்கு. இசுசு வண்டியின் ரேக்கை வைக்க வழி பிறந்துவிடும், உடம்பு ஒரே குடும்பம். பம்புக்கோ அந்த பிளாக்கில் இடமே இல்லை. தகடு வெட்டி வெல்டிங் செய்து பிராக்கெட் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மெல்லிய தகடு இன்ஜின் அதிர்வில் வெடிக்கும். அண்ணனும் தடித்த இரும்பில் லேத்தில் கடைந்தால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் காத்திருக்கச் சம்மதித்தார்.

காமராஜர் துறைமுகத்துக்குப் புதுக்கார்களை ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர்களை எங்கள் சாலையில் பார்ப்பது வழக்கம். புதிதாக வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு மோட்டாரே போதும்; பெல்ட் இல்லை, ஆயில் இல்லை, ஓஸ் இல்லை. நல்ல வசதிதான். ஆனால் எந்தப் பம்பு எந்த பிளாக்கில் உட்காரும், எதன் புல்லியை எதற்கு ஏற்றலாம் என்ற இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அண்ணனிடம் சொல்லி ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எந்த வண்டியில் எந்தப் பம்பு, புல்லியின் குறுக்களவு, ஓஸின் நீளம், வாய் பார்க்கும் திசை என்று அவர் சொல்லச் சொல்ல, அங்கே வேலை கற்கும் பையன் எழுதுகிறான். என் பழைய பம்பையும் காயலான் கடைக்குப் போடவில்லை. அதன் ஷாஃப்டும் மூடியும் நன்றாக இருக்கின்றன; அளவெடுத்து, "லான்சர் டீசல்" என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.