லோடு வந்த நாள்

கோவைக்குக் கிழக்கே, மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குச் சோறு உண்ணும் வீதி எங்களுடையது. அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. 1990-களின் பின்பாதி அது. வீதி முக்கில் கூட்டுறவு சொசைட்டி நடத்திய ரேஷன் கடை. அதற்கு நேர் எதிரே, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்டிருந்த அண்ணாச்சியின் மளிகை. அரிசிக்கு விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை நான் வேடிக்கை பார்த்தே தெரிந்துகொண்டது இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவே கிடந்த ரோட்டில்தான்.

லாரி வந்து நின்றதும் சேதி வீதியின் கடைசி வீடுவரை பாயும். “கண்ணு, லோடு வந்திருச்சாமா. பையக் கொண்டுபோயி எடம் புடி, நான் ஒலைய எறக்கி வெச்சுட்டு வந்தர்றேன்” என்று அம்மா விரட்டுவார். போய்ப் பார்த்தால் எனக்கு முன்பே செங்கல், சீமெண்ணெய் கேன், மடித்த சாக்கு என்று ஆளில்லாத வரிசை ஒன்று நின்றிருக்கும். சீமெண்ணெய்க்குத் தனி வரிசை. அரிசிக்குத் தனி வரிசை. நடுவே கரும்பலகையில் அரிசி, சர்க்கரை, கோதுமை, பாமாயில் என்று சாக்பீஸில் எழுதி, இருப்பும் விலையும் போட்டிருக்கும். புழுங்கலரிசி கிலோ 3 ரூபாய் 50 காசு. வெளியில் மட்டமான அரிசியே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விற்ற காலம்.

உள்ளே தராசில் தொங்கும் தகரத் தட்டுக்கு ஒரு பக்கம் சரிவான வாய் இருக்கும். அந்த வாய்க்குக் கீழே பையை விரித்துப் பிடிக்க வேண்டும். எடை போடுகிறவர் தட்டைச் சாய்த்ததும் அரிசி சளசளவென்று இறங்கும். கூடவே தவிடும் சாக்குத் தூசியும் எழும்பி மூக்கில் ஏறும். பை கனத்துக் கை இறங்கும்போது பின்னால் நிற்கும் ஏதாவது ஓர் அக்கா அடியில் கை கொடுத்துத் தாங்குவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முறத்தில் கொட்டிப் புடைத்து, கல்லும் கருப்பரிசியும் பொறுக்கி, நன்றாக வந்த மாதம் சோற்றுக்கும், வாடை அடித்த மாதம் இட்லிக்கும் என்று பிரித்து வைப்பார். அந்த அரிசியில் ஆட்டிய மாவு பொங்குகிற மாதிரி வேறெந்த அரிசியிலும் பொங்கி நான் பார்த்ததில்லை.

இனி எதிர்ச்சாரி. அண்ணாச்சி கடை வாசலில் வாய் திறந்த சாக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் விலை எழுதிய அட்டையைக் குத்தி வைத்திருப்பார். லோடு இறங்கிய அன்று சாயங்காலம் கடைசிச் சாக்கின் அட்டை மாறும். மோட்டா அரிசிச் சாக்கு அது. எட்டணாவோ ஒரு ரூபாயோ குறைந்திருக்கும். பொன்னிச் சாக்கின் அட்டை மட்டும் அசையவே அசையாது. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். “எதுத்தாப்ல மூணரை ரூவாய்க்குப் போடுதாங்க. இந்த மோட்டா அரிசிய பழைய வெலைக்கே வச்சிக்கிட்டு நான் யாருக்கு விக்க, தாயி? பொன்னி திங்கிறவன் அந்த வரிசையில நிக்க மாட்டான்லா” என்றார். பிற்பாடு நான் படித்த எந்தப் பொருளாதாரப் பாடமும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை. விலை குறைந்தது ரேஷன் கடையில் வாங்கியவருக்கு மட்டுமல்ல. கார்டு இல்லாமல் வெளியூரிலிருந்து வந்து மில் கட்டட வேலையில் இருந்தவர்களும் அந்த வாரம் அண்ணாச்சி கடையில் மலிவாகவே வாங்கிப் போனார்கள். லோடு தாமதமான மாதங்களில் அதே அட்டை எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அண்ணாச்சியிடம் இருந்த ஒன்று எதிர்க்கடையில் இல்லை. நீள வாக்கில் மடிந்த கடன் நோட்டு அது. அப்பாவுக்குச் சம்பளம் 7-ஆம் தேதி. ரேஷன் கடையில் ரொக்கம் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா நாள்கூலிக்குப் போகிறவர். இருபது கிலோவுக்கான எழுபது ரூபாய் அவர் கையில் மொத்தமாகச் சேர்ந்த நாள் அபூர்வம். அவர் கார்டில் பாதி அரிசியை வாங்கிவிட்டு, மீதிக்குக் காசு தேற்றி வருவதற்குள் “இருப்பு இல்லை” என்று பலகையில் எழுதியிருப்பார்கள். மறுபடி நோட்டு, மறுபடி அண்ணாச்சி. மலிவு விலை என்பது அந்த விலையைக் கொடுக்க அன்றைக்குக் கையில் காசு இருப்பவருக்குத்தான் மலிவு. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் முன்னால் வருகிறது.

1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டை ரேஷன் கடைக்குள் விடாமல், எல்லாருக்கும் அரிசி என்பதிலேயே நின்றது. அப்பாவின் மில் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லியிருந்தால் நாங்கள் கோட்டுக்கு மேலே போயிருப்போம். அடுத்த சில வருடங்களில் கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக நொடித்தபோது, மேலே இருந்த வீடுகள் ஒரே மாதத்தில் கீழே வந்தன. நான் ஏழை என்று யாரிடமும் எழுதிக் கொடுக்காமல் அவர்கள் அதே வரிசையில் நின்று அரிசி வாங்கினார்கள். எல்லாருக்கும் என்று வைத்தது ஊதாரித்தனம் என்பவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிறகு 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். இதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. உணவு மானியத்துக்கு இப்போது தமிழக அரசு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்குகிறது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களை நான் அண்ணாச்சியின் கடைசிச் சாக்குக்கு முன்னால் நிறுத்தவே விரும்புவேன்.

காய்கறிக்கு அப்படி வெளி விலையை அசைக்கிற ஒரு கடை வந்தது 1999-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். எங்கள் பக்கம் சிங்காநல்லூரிலும் வந்தது. அங்கே அரசு எதையும் வாங்கி விற்கவில்லை. கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம், விவசாயியே உட்கார்ந்து விற்பார். விடியற்காலை அதிகாரிகள் அன்றைய விலையைப் பலகையில் எழுதுவார்கள். எங்கள் வீதிக்குத் தள்ளுவண்டியில் வரும் காய்க்கார அம்மாவிடம் “ஏனுங்க, சந்தையில கத்திரிக்கா எட்டு ரூவான்னு போட்டிருக்குதுங்களே” என்று அம்மா சொன்னால் போதும். “நான் தள்ளிக்கிட்டு வர்ற கூலிய யாரு குடுக்கறது?” என்று அந்த அம்மா ஒரு ரூபாய் மேலே வைத்துக் கொடுப்பார். அந்த ஒரு ரூபாய்க்கு அம்மா ஒருநாளும் பேரம் பேசியதில்லை.

நான் வேலைக்கென்று சென்னைக்கு வந்தேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று கேட்டு நானும் போய் நின்றேன். ஆளுக்கு ஒரு கிலோ. எனக்கு இரண்டு பேர் முன்னால் கூடை காலி. நான்கு கடை தள்ளி இருந்த காய்கறிக் கடையில் விலை அட்டையைப் பார்த்தேன். காலையில் இருந்த அதே விலை. அசையாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் வீதியில் லாரியிலிருந்து இறங்கிய சாக்குகளை எண்ணிவிட்டுத்தான் அண்ணாச்சி அட்டையில் கை வைப்பார். இந்த ஊரின் ஒருவேளைக் குழம்புக்கு இரண்டு கூடை தக்காளி எந்த மூலைக்கு? தமிழ்நாடு முழுக்க 33,000-க்கும் மேல் ரேஷன் கடைகள் இருக்கின்றன. ராயக்கோட்டைப் பக்கம் விளைச்சல் கொட்டிக் கிடந்து விலை கிடைக்காத மாதங்களிலேயே விவசாயியோடு பேசி வைத்து, அத்தனை கடைக்கும் வாரக்கணக்கில் அனுப்பினால் அட்டைகள் தானாக மாறும். தட்டுப்பாடு வந்தபின் கோயம்பேட்டுக்கு ஓடினால் மாறாது.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். அறுபது ரூபாய் என்றதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“நாளைக்கும் லோடு வருதான்னு கேட்டியா, கண்ணு?” என்றார்.

கேட்டிருந்தேன். கடையில் இருந்தவருக்குத் தெரியவில்லை.