சித்திரை ஒண்ணு... லேப்-டாப் காலி!

2024, ஏப்ரல் 14. சித்திரை ஒண்ணாந்தேதி. அடுப்படியில் அம்மா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் நான் அக்காவின் லேப்-டாப்பில் ஒரு பட்டனை அழுத்திவிட்டு, ரஜினி மாதிரி தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தேன். ‘டிஸ்கை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவு’ என்பதுதான் அந்தப் பட்டன். டிஸ்க் என்றால் முழு டிஸ்க் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்ஜினீயரிங் இரண்டாவது செமஸ்டர் படிக்கிறவன்... என்னத்தைச் சொல்ல!

கதைக்குள் போவதற்கு முன்னாடி அந்த லேப்-டாப்பைப் பற்றி. அக்கா ப்ளஸ் டூ படித்தபோது தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 4 ஜிபி ரேம், தட்டுத் தட்டென்று சத்தம் போடும் பழைய ஹார்டு டிஸ்க். வரும்போதே உள்ளே இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வைத்துச் செய்தது. அக்கா செட்டில் லேப்-டாப் வாங்கின எல்லோரும் முதல் வேலையாக அந்த பாஸைத் தூக்கிவிட்டு, சினிமாப் படம் ஏற்றிக்கொண்டார்களாம். உபுண்டுவுக்கும் மூலம் அதே டெபியன்தான். அதாவது, அவர்கள் ஆசையாகத் தூக்கிப் போட்ட ஆளின் பங்காளியை நான் ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறேன்.

சரி, எதுக்கு பீட்டா? இதற்கு நேர்மையான பதில்... பந்தா. எங்கள் ஹாஸ்டலில் லினக்ஸ் பார்ட்டிகள் ஏழெட்டு பேர் உண்டு. எல்லோரும் 22.04-ல் இருந்தார்கள். 24.04, ‘நோபிள் நம்பட்’, ஏப்ரல் 25-ம் தேதிதான் வெளிவரும். அதற்கு முன்னாடியே ஒருத்தன் போட்டுவிட்டால் மெஸ்ஸில் அவன் கதைதானே ஓடும்!

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த பீட்டாவே ஒரு துப்பறியும் கதையோடு வந்தது. முதலில் ஏப்ரல் 4-ம் தேதி வருவதாகத்தான் பேச்சு. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் ஒரு குண்டைப் போட்டார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்திருக்கிறார். அரை விநாடி பாஸ்! நமக்கெல்லாம் அரை மணி நேரம் ஆனாலும் ‘நெட் ஸ்லோ’ன்னு விட்டுட்டுப் போயிருப்போம். அவர் விடவில்லை. ஃபைல்களைச் சுருக்கும் ‘எக்ஸ்இஸட்’ என்கிற ஒரு சின்ன மென்பொருளுக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையே கையில் வாங்கியவர். அது யார் என்பது வெளியே வரவே இல்லை.

உபுண்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கோளாறான கோடு எக்ஸ்இஸட்டில் நுழைந்தது பிப்ரவரி 26. அந்தத் தேதிக்குப் பிறகு 24.04-க்காகத் தயாரான பேக்கேஜ்கள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் கணினிச் சூழலில் மறுபடி செய்தார்கள். அதனால் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போய் ஏப்ரல் 11-ல் வந்தது. இவ்வளவு கதை கேட்ட பிறகும் ஒருத்தன் அதைத் தரவிறக்காமல் இருப்பானா? ஐந்து ஜிபிக்கு மேல். ஹாஸ்டல் வைஃபையில் ராத்திரி பூரா ஓடியது. காலையில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்.

கிளம்பும்போது எங்கள் லேபில் இருக்கும் அண்ணன் ஒருவர் எச்சரித்தார். 2009-ல் விண்டோஸ் 7 பீட்டா போட்டுப் பார்த்தவராம். அதற்கு ஆயுள் ஆகஸ்ட் 1 வரைக்கும்தான். ஜூலை 1-லிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக அணைந்துவிடுமாம். ‘பீட்டாவிலிருந்து நேரா ஒரிஜினலுக்குப் போகவும் முடியாது தம்பி. எல்லாத்தையும் துடைச்சுட்டு முதல்லேர்ந்து போடணும். பேக்கப் எடுத்துக்கோ’ என்றார். நான் ரொம்பப் பெரிய மனுஷனாக, ‘அண்ணே, இது உபுண்டு. பீட்டா போட்டாலே போதும், அப்டேட் வாங்கிக்கிட்டே இருந்தா தானா ஒரிஜினல் ஆயிரும்’ என்றேன். விஷயம் சரிதான். அவர் சொன்ன கடைசி வார்த்தையைத்தான் காதில் வாங்கவில்லை.

நிறுவுவதற்கு உட்கார்ந்தால், நான் பார்த்து வைத்திருந்த வீடியோக்களில் இருந்த திரைகள் எதுவுமே வரவில்லை. அவையெல்லாம் 22.04-க்கானவை. 24.04-ல் இன்ஸ்டாலரே வேறு. ‘சி’ டிரைவில் விண்டோஸ் செத்துக் கிடந்தது, அதை மட்டும் அழித்தால் போதும், அக்காவின் ‘டி’ டிரைவ் பத்திரமாக இருக்கும் என்பது என் கணக்கு. கடைசியில் ஒரு பக்கம் வந்து, ‘இதையெல்லாம் அழிக்கப் போகிறேன், சரியா?’ என்று கேட்கவும் செய்தது. நான்தான் படிக்கவில்லை. பீட்டா மேல் பழி போட முடியாது, அது ஒழுங்காகத்தான் கேட்டது.

நிறுவி முடித்ததும் டெர்மினலைத் திறந்து, ‘சூடோ ஏபிடி அப்டேட்’. அப்புறம் ‘அப்கிரேட்’. மூன்றே நாளில் குவிந்துவிட்ட அப்டேட்டுகள் வரிசை கட்டி இறங்கின. பீட்டா என்றால் அப்படித்தான். தினமும் எதையாவது சரிசெய்து அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எழுத்துகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் ஏதோ இஸ்ரோவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா முழுசும் காலி.

அப்போதுதான் அக்கா பாயசத்தோடு வந்தாள்.

“டேய், வேலை முடிஞ்சுச்சா? என் குரூப் ஃபோர் நோட்ஸை ஓப்பன் பண்ணிக் கொடு.”

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. ஜூன் 9 பரீட்சை. எட்டு வாரம் இருக்கிறது. பகலில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஒன்றரை வருஷமாகத் தமிழில் டைப் அடித்த நோட்ஸ். மொத்தம் அறுபத்துமூன்று ஃபைல். நான் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். புத்தம் புதுசாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் திட்டவில்லை. பாயச டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் ஹாஸ்டலில் லினக்ஸ் பார்ட்டி ஒருத்தனுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “அப்டேட் எதுவும் போட்டியா?” போட்டேன் என்றதும், “லூசு, உடனே ஆஃப் பண்ணு! இனிமே அதுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது” என்றான்.

அப்புறம்தான் விளங்கியது. டிஸ்கை அழிப்பது என்பது, ஊரில் உள்ள வீட்டு நம்பரையும் தெருப் பேரையும் அழிப்பது மாதிரிதான். வீடுகள் அப்படியேதான் நிற்கும். புதுசாகக் குடிவருகிறவன் எந்த இடத்தில் இடித்துக் கட்டுகிறானோ அது மட்டும்தான் நிஜமாகப் போகும். முதலில் உபுண்டு வந்து கொஞ்சம் இடித்தது. அதற்கு மேல் நான் ரசித்து ரசித்து இறக்கினேனே அப்டேட்... அது ஒவ்வொன்றும் அக்காவின் நோட்ஸ் மேல் மண் அள்ளிப் போட்டிருக்கலாம். இருந்ததில் ஒரே நல்லது, டிஸ்க் பழசு. எஸ்எஸ்டியாக இருந்தால் காலி இடம் என்று தெரிந்ததுமே உள்ளே இருப்பதைத் துடைத்துவிட வாய்ப்பு அதிகம். அரசாங்கம் கொடுத்த தட்டுத் தட்டு டிஸ்க்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

மறுநாள் விருதுநகருக்கு பஸ் ஏறி, நண்பன் வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தேன். லேப்-டாப்பைப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டேன். உள்ளே இருக்கும் டிஸ்கில் எதுவும் எழுதாமல் இருக்க அதுதான் வழி. ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் பழைய ‘டி’ டிரைவின் தடயத்தைக் காட்டியது. உள்ளே நுழைய முடியவில்லை. அதோடு கூடவே வரும் ‘ஃபோட்டோரெக்’தான் அடுத்தது. இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே. ஃபோட்டோரெக் பெயரைத் தேடாது. டிஸ்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தடவிக்கொண்டே போய், ‘இது படம் மாதிரி தொடங்குது, இது டாக்குமென்ட் மாதிரி தொடங்குது’ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். ராத்திரி முழுக்க ஓடியது. அப்பா லேத் பட்டறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “என்னடா, டிஸ்க் இந்தச் சத்தம் போடுது?” என்று மட்டும் கேட்டார்.

விடிந்தபோது பதினோராயிரம் ஃபைல்! பெயர் எதுவும் கிடையாது. ‘எஃப்’ போட்டு ஒரு நீள நம்பர், அவ்வளவுதான். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த குட்டிக் குட்டிப் படங்களே முக்கால்வாசி. டாக்குமென்ட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, பெயர் வைக்க வேண்டும். மூன்று ராத்திரி. பதினெண்கீழ்க்கணக்கு, பல்லவர் வரி, பஞ்சாயத்து ராஜ், சிந்துவெளி... அந்த மூன்று ராத்திரியில் நானே குரூப் ஃபோர் எழுதலாம் போல ஆகிவிட்டது. சில ஃபைல்களின் ஓரத்தில் அக்கா தனக்குத்தானே எழுதி வைத்திருந்தாள். ‘இதை மறுபடி மறக்காதே கழுதை.’ ‘நாளைக்கு ஸ்டாக் கணக்கு இருக்கு, சீக்கிரம் தூங்கு.’

பிடிஎஃப்களுக்கு நடுவே ஒன்று வந்தது. இன்ஜினீயரிங் கவுன்சலிங் விண்ணப்பம். அக்கா பெயர். அவள் ப்ளஸ் டூ முடித்த வருஷத்துத் தேதி. முழுசாகப் பூர்த்தி செய்திருந்தது. அவள் இன்ஜினீயரிங்குக்கு விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. ‘அவளுக்கு மேத்ஸ்னா உசுரு, அதான் பி.எஸ்ஸி’ என்றுதான் வீட்டில் சொல்லுவார்கள். அந்த வருஷம்தான் அப்பாவுக்குக் கையில் அடிபட்டு ஆறு மாசம் பட்டறைக்குப் போகாமல் இருந்தார். நான் அப்போது ஆறாவது. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அப்பா பகலிலும் வீட்டில் இருந்தார் என்ற சந்தோஷம்தான்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“இதையெல்லாமா எடுத்துக் கொடுக்குது உன் சாஃப்ட்வேர்? முதல்ல அந்த இந்தியப் பொருளாதாரத்தைத் தேடு. அதுதான் எனக்குச் சுத்தமா வராது.”

அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்பத்தோரு ஃபைல் மீண்டது. இந்தியப் பொருளாதாரம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. 19-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். என் முதல் ஓட்டு. வரிசையில் நிற்கும்போதுகூட போனில் பொருளாதாரப் பாடத்தை அவளுக்காக டைப் அடித்துக்கொண்டு நின்றேன்.

லேப்-டாப்பில் பீட்டாவே இருந்தது. ‘உன் உபுண்டுல தமிழ் டைப் அடிக்க வருமா, வராதா?’ என்று கேட்டாள். வரும் என்றேன். ‘அப்ப இருந்துட்டுப் போகட்டும்’ என்றாள். எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒரு நகல், என் கூகுள் டிரைவில் ஒரு நகல் வைத்த பிறகுதான் மறுபடி அப்டேட் பக்கமே போனேன். போனில் அக்காவிடம் சொல்லச் சொல்ல, அவளே போடக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் சில பேக்கேஜ்கள் மட்டும் ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன’ என்று அடம்பிடித்தன. வெறும் ‘அப்கிரேட்’ எதையும் நீக்காது. புதுசு உள்ளே வரப் பழசை நீக்கியாக வேண்டும் என்றால் அப்படியே நின்றுவிடும். ‘ஃபுல்-அப்கிரேட்’ போட வேண்டும். 24.04-ல் அந்த மாதிரி நிறைய இருந்தன. பெயர் கடைசியில் ‘டி64’ ஒட்டிய பேக்கேஜ்கள். 2038 ஜனவரி 19-ல் பழைய 32-பிட் கடிகாரக் கணக்கு நிரம்பி வழிந்துவிடும், அதற்காக இப்போதே நேரக் கணக்கை 64-பிட்டுக்கு மாற்றுகிற வேலை. அக்காவிடம் விளக்கினேன். “2038-லயா? அதுக்குள்ள எனக்கு வேலை கிடைச்சிரும்ல?” என்றாள்.

ஏப்ரல் 25 வந்தது. கொண்டாட்டம் எதுவும் இல்லை. அதுவரை சிஸ்டத்தின் பெயரைக் கேட்டால் ‘நோபிள் நம்பட், டெவலப்மென்ட் பிராஞ்ச்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ‘உபுண்டு 24.04 எல்டிஎஸ்’ என்று சொல்லியது. அவ்வளவுதான். துடைக்கவும் இல்லை, மறுபடி நிறுவவும் இல்லை. 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஹாஸ்டலில் 22.04 வைத்திருந்த நல்ல பிள்ளைகளுக்கு, 24.04.1 வந்தால்தான் மேலே போகும் வழி திறக்கும். அது ஆகஸ்ட் 15-லிருந்து 29-க்குத் தள்ளிப்போனது. திறந்த வழியையும் ஒரு கோளாறினால் கொஞ்ச நாள் மூடி வைத்தார்கள். அவர்களிடம் பந்தா காட்ட எனக்கு அருமையான சந்தர்ப்பம். ஏனோ வாய் வரவில்லை.

ஜூன் 9 காலையில் அக்காவை சென்டரில் விட அப்பாவின் டிவிஎஸ்-50-ல் போனேன். பொருளாதாரத்தில் ஏழு கேள்வி தெரிந்தது என்றாள் வெளியே வந்ததும். அந்தத் தடவை கட்-ஆஃபுக்கு மூன்று கேள்வி குறைவாகப் போய்விட்டது. 2025 ஜூலையில் மறுபடி எழுதினாள், அதே லேப-டாப்பில் படித்து. நோட்ஸ் இப்போது எழுபதுக்கு மேல். பெயரெல்லாம் நான் வைத்ததுதான், மாற்றவே இல்லை. அந்த விண்ணப்பத்தை மட்டும் ‘அக்கா’ என்று பெயர் போட்டு டவுன்லோட்ஸில் வைத்திருந்தேன். போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். டவுன்லோட்ஸில் இல்லை. நோட்ஸ் ஃபோல்டருக்குள், முதல் ஃபைலாக இருந்தது.