பஞ்சமரும் யன்னல் கட்டுப் பேணியும்

எங்கட வீட்டில் புத்தகத்துக்கெண்டு ஒரு அலுமாரி இல்லை. எது எங்கை வாசிக்கப்படுதோ அது அங்கேயே கிடக்கும். இந்த மாதம் அ. முத்துலிங்கத்தின் ‘அக்கா’ குசினியில். 1964 இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. சோறு வடிக்கிறதுக்குள்ளை ஒரு கதையை முடிச்சிடலாம் எண்டு நினைச்சு இரண்டு தரம் சோறு அடிப்பிடிச்சது. தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ விறாந்தைச் சாய்மனைக் கதிரையில், பின்னேரங்களுக்கு மட்டும்.

நாங்கள் அக்காவும் தங்கச்சியும். ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் வாசிக்கிறது எங்கட கெட்ட பழக்கம். ஒருத்தி நிப்பாட்டின பக்கத்தில் பஸ் ரிக்கற்றை வைப்பாள். மற்றவள் அதை எடுத்துத் தன்ர பக்கத்தில் வைப்பாள். பிறகென்ன, சண்டைதான்.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ வந்த பிறகு அந்தச் சண்டை நிண்டுபோச்சு. இரவல் பிரதி, இரண்டு கிழமையில் திருப்பிக் குடுக்கோணும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தி சத்தமா வாசிக்கிறது, மற்றவள் உடுப்பு மடிச்சுக்கொண்டு கேட்கிறது எண்டு முடிவு. மூண்டாம் நாள் அம்மம்மாவும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருந்தா.

1972 இல் வந்த நாவல் இது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை விடாமல் வைச்சிருந்ததையும், அதுக்கெதிரா அவர்கள் எழும்பினதையும் சொல்லுது. இப்பிடி மறிக்கிறது குற்றம் எண்டு 1957 இலேயே சட்டம் வந்திட்டுது. ஆனால் 1968 இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகிறதுக்குச் சனம் போராட வேண்டியிருந்தது. இதை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.

“மாவிட்டபுரத்துப் பிரச்சினை நடக்கேக்கை உங்கட அம்மா என்ர வயித்தில” எண்டா அம்மம்மா.

“நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள் அம்மம்மா?”

அவ பதில் சொல்லேல்லை. “வாசி பிள்ளை” எண்டா.

தேத்தண்ணிக்கடைப் பகுதி வாசிச்ச இரவு, வாசிச்சவள் இடையில் நிப்பாட்டிப்போட்டாள். இரண்டு பேரும் குசினிப் பக்கம் பார்த்தம். யன்னலுக்கு வெளியே, கட்டில், கவிட்டு வைச்சபடி ஒரு எவர்சில்வர் பேணி. வேலி அடைக்க, வளவு துப்புரவாக்க வாறவருக்கு எண்டு வைச்சது. எங்களுக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கு. அதுக்குள்ளை எத்தினை தரம் நாங்களே தேத்தண்ணி வார்த்திருக்கிறம்! அறுபது தாண்டின அந்த மனுசனை அம்மம்மா பேர் சொல்லி, ‘நீ’ எண்டுதான் கூப்பிடுவா. நாங்கள் என்னெண்டு கூப்பிடுறனாங்கள் எண்டு யோசிச்சுப் பார்த்தம். ஒண்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “தேத்தண்ணி வைச்சிருக்கு” எண்டு காத்தோடை சொல்லிப்போட்டு உள்ளே வந்திடுவம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி ஊத்தி, தட்டத்தில் வைச்சு, முன் விறாந்தைக்குக் கொண்டுபோனம். உள்ளுக்குள்ளை எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைக்கேலாது.

அவர் கோப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். அம்மம்மா அங்கே நிண்டா.

“என்ர பேணி எங்கை பிள்ளை? இது உடைஞ்சால் எனக்கெல்லோ பேச்சு விழும்.”

தானே பின்பக்கம் போய்ப் பேணியை எடுத்து, தேத்தண்ணியை அதுக்குள்ளை மாத்தி, வேலியடியில் குந்தியிருந்து குடிச்சார். பூப்போட்ட கோப்பையைக் கழுவித் திருப்பித் தந்தார். எங்களுக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. எங்கட மனம் ஆறவேணும் எண்டதுக்காக அந்த மனுசனை அம்மம்மாவுக்கு முன்னாலை நிப்பாட்டிப்போட்டம்.

அண்டிரவும் வாசிச்சம். அம்மம்மா வந்து இருந்தா. பேணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடியேக்கை மட்டும் கேட்டா, “இந்தப் புத்தகத்தை எப்ப திருப்பிக் குடுக்கோணும்?” அது கெதியா வீட்டை விட்டுப் போகட்டும் எண்டு கேட்டாவோ, முடிக்க நேரம் காணுமோ எண்டு கேட்டாவோ, எங்களுக்கு இப்பவும் விளங்கேல்லை.

பேணியை உள்ளே கொண்டுவந்து மற்றப் பேணிகளோடை வைச்சம். கழுவி அடுக்கினால் எது எதெண்டு பிரிக்கேலாது. போன சனிக்கிழமை எல்லாருக்கும் பேணியிலைதான் தேத்தண்ணி. அம்மாவும் நாங்களும் வேலியடிக்கே போய் அவரோடை இருந்து குடிச்சம். “மாமா, சீனி காணுமோ?” எண்டு கேட்டம். அந்த ‘மாமா’ வாயிலை கொஞ்சம் தட்டுப்பட்டுத்தான் வந்தது. அவர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ர இல்லைப்போலை” எண்டு சொல்லிப்போட்டுக் குடிச்சார்.

அம்மம்மா அண்டைக்குத் தனக்குத் தேத்தண்ணி வேண்டாம் எண்டிட்டா.

‘பஞ்சமரை’ச் சொன்ன நாளிலேயே திருப்பிக் குடுத்திட்டம். பஸ் ரிக்கற் அதுக்குள்ளையே போயிட்டுது. அடுத்ததா டானியலின் ‘கானல்’ கேட்டிருக்கிறம். அம்மம்மாவின்ர கதிரை இன்னும் வாசிக்கிற இடத்திலைதான் கிடக்கு. அதை ஒருத்தரும் எடுத்து வைக்கேல்லை.