நாக்கில் ஒரு கட்டி

மருதானையில் குடியிருந்து இரவுப் பணிக்குச் சென்றுவந்த காலத்தில் தூக்கத்தை விரட்ட வெற்றிலை போடப் பழகினேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் நாக்கின் மேற்புறத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லை. ஆகவே ஆறு மாதம் அதைப் பொருட்படுத்தவில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்ற செய்திக்குப் பலமுறை தலைப்பிட்டவன் நான்!

"அண்ணை, இதைக் காட்டாமல் வைச்சிருக்கிறியளே?" என்று உதவி ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்ட பின்னரே வைத்தியரிடம் சென்றேன். மேலோட்டமாக ஒரு சிறு துண்டு எடுத்தார்கள். அறிக்கை புற்றுநோயாக இருக்கலாம் என்றது. அன்றிரவு மனைவியிடம் எதுவும் கூறாமல் வங்கிப் புத்தகங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியைத் தடவிப் பார்த்தார். "மேல்தோலை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஆழமாக எடுத்துப் பார்ப்போம்" என்றார். பத்து நாட்கள் காத்திருந்தோம். முடிவு: கிரனுலார் செல் டியூமர். அரிதான, பெரும்பாலும் தீங்கற்ற கட்டி.

இதனை 1926 இல் விபரித்தவர் ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசொவ். 1924 இல் லெனினின் பிரேத பரிசோதனையை நடத்தியவரும் அவரே. இது தசையிலிருந்து தோன்றுவதென அவர் கருதினார். நரம்பைச் சூழ்ந்துள்ள ஷ்வான் கலங்களிலிருந்தே தோன்றுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. எஸ்-100 என்ற புரதத்தை நிறமூட்டிக் கண்டறியும் சோதனை இதனை உறுதிசெய்ய உதவுகிறது.

இக்கட்டி உடலில் வேறிடங்களிலும் வரும்; எனினும் நாக்கிலேயே அதிகம். இதற்கு மேலேயுள்ள தோற்படை சிலவேளை தடித்து, வேர்களைப் போலக் கீழ்நோக்கி வளர்கிறது. நுணுக்குக்காட்டியில் அது புற்றுநோயை ஒத்திருக்கும். உண்மையான கட்டி அதற்குக் கீழே இருக்கிறது. ஆழமற்ற துண்டில் அது அகப்படாது போகலாம். என் முதல் அறிக்கை தடுமாறியது அதனாற்றான். அதை மட்டும் நம்பியிருந்தால் என் நாக்கின் ஒரு பகுதியை இழந்திருப்பேன்.

கட்டியை முழுமையாக அகற்றினார்கள். ஒரு வாரம் கஞ்சி குடித்தேன். இக்கட்டிக்கும் வெற்றிலைக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் கூறினார். ஆனால் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைத் தருபவை. ஆகவே அன்றே வெற்றிலையை விட்டுவிட்டேன்.

நண்பர்களே, வாயில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, மறையாத கட்டியோ இருந்தால், வலியில்லை என்று இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். அறிக்கையில் ஐயம் இருந்தால் இன்னொரு நிபுணரிடமும் கேளுங்கள். ஒரே மூலத்தை நம்பிச் செய்தி போடக்கூடாது என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் விடயத்தில் அதைப் பிந்தியே நினைத்துப் பார்த்தேன்.