மணியும் வரட்டும், ராமேசுவரத்துக்கு!

வீட்டில் நாய் வளர்க்கிறவர்களுக்கு விடுமுறை வந்தால் கூடவே ஒரு வழக்கும் வந்துவிடும். டிக்கெட், துணிமணி, முறுக்கு டின் எல்லாம் தயாரான பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "நாய்க்குச் சோறு வைக்க ஆள் வேண்டாமா?" அந்த ஆள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? அநேகமாக வீட்டு அம்மாள்தான். "நீங்களெல்லாம் போய் வாருங்கள், எனக்கென்ன கடல் புதிதா?" என்று அவள் சொல்லிவிடுவாள். கடல் அவளுக்குப் புதிதா பழசா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை!

இந்த வழக்குக்கு நல்ல தீர்ப்பு ஒன்று உண்டு. நாயையும் கூட்டிக்கொண்டு போவதுதான் அது. உங்கள் வீட்டு நாய்க்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை முடிகிற மட்டும் அதை மணி என்றே அழைப்போம்.

பிரிட்டனில் இது வெகு சகஜம். நாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தீவுக்குக் கப்பலேறி, கரையோரமாகவே நாலைந்து நாள் நடந்து வருவதைப் பெரிய உல்லாசமாக நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போகும் படகுகளில் நாய்க்குக் கட்டணமே கிடையாது. ஆனால் ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் நாய் கயிற்றோடுதான் நடக்க வேண்டும். சில கடற்கரைகளில் கோடை முழுவதும் நாய்க்கு அனுமதி இல்லை. சலுகையும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், நம் ராசிபுரத்திலிருந்தும் ஒரு தீவுக்கு மணியோடு போய் வரலாம். அந்தத் தீவு ராமேசுவரம்.

புறப்படும் முன்

முதல் காரியம், வைத்தியரிடம் காட்டுவது. இதில் நம் பக்கத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். நாமக்கல்லில் 1985-ம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் தெருநாய்கள் உண்டு. புது ஊர் நாயைக் கண்டால் அவை சும்மா இருக்குமா?

இரண்டாவது, நடைப் பழக்கம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பழகிய மணி ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் நடக்காது. மூன்று வாரம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். காலையில் ஏரிக்கரை வரை. பிறகு சற்றுத் தூரம் கூட்டி, போதமலை அடிவாரத்தில் வடுகம் பக்கமாக ஒரு நடை. மலைக்காட்டுக்குள் மட்டும் நாயைக் கூட்டிப் போக வேண்டாம். இந்த மூன்று வாரமும் மணியோடு நடக்கப் போகிறவர் நீங்களே என்றால், தீவுக்குப் போகும்போது உங்கள் முழங்காலும் தயாராகிவிடும்.

மூன்றாவது, தங்கும் இடம். எல்லா விடுதியிலும் நாயை உள்ளே விடமாட்டார்கள். நேரில் போய் நின்று மன்றாடுவதைவிட, முன்கூட்டியே டெலிபோனில் கேட்டு, நாயின் உயரம், எடை உள்பட ஒளிக்காமல் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

ரயிலா, காரா?

2013-ல் சேலம் - கரூர் பாதை திறந்ததிலிருந்து ராசிபுரத்துக்கும் ரயில் உண்டு. ஆனால் நாய் விஷயத்தில் ரயில்வே விதி கண்டிப்பானது. மணி உங்களோடு இருக்க வேண்டுமானால், முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூபே, அல்லது நான்கு படுக்கை உள்ள அறை முழுவதையும் உங்கள் பெயரிலேயே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப் பெட்டிதான் கதி. இருட்டுப் பெட்டியில், கடகட சத்தத்தில், தெரிந்த முகம் ஒன்றுமில்லாமல் ஓர் இரவு முழுவதும்! பழக்கமில்லாத நாய்க்கு அது பெரிய தண்டனை.

ஆகவே கார்தான் சௌகரியம். திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். புறப்படுவதற்கு மூன்று மணி முன்பே மணிக்கு ஆகாரம் கொடுத்து முடித்துவிடுங்கள். நிறைந்த வயிற்றோடு ஏறினால் வழியெல்லாம் உங்களுக்குத்தான் வேலை. இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கித் தண்ணீர் காட்டுங்கள். "ஐந்து நிமிஷம்தானே" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாயை உள்ளே வைத்துப் பூட்டி, காப்பி சாப்பிடப் போய்விடாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி. அந்தச் சூட்டில் நாய் உயிரே போய்விடும்.

கட்டுச் சாதத்தில் ஒரு ஜாக்கிரதை. புளிச்சாதத்தோடு வெங்காய சாம்பார், திராட்சை, சாக்லேட் எல்லாம் கூடையில் இருக்கும். இவை நமக்கு ருசி, நாய்க்கு விஷம். மணிக்கு மட்டும் தனியாக, வெங்காயம் பூண்டு இல்லாத சோறு எடுத்துக்கொள்ளுங்கள். ராசிபுரத்து நெய் வாசனையிலேயே வளர்ந்த பிராணிதான். இருந்தாலும் பிரயாணத்தில் நெய் வேண்டாம்!

மண்டபம் தாண்டியதும் பாம்பன் பாலம். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால், பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1914 முதல் உழைத்த பழைய பாலத்துக்குப் பதிலாக, கப்பலுக்கு வழிவிட நடுத்துண்டு செங்குத்தாக மேலே எழும்பும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் துடிப்பார்கள். காற்றும் லாரியும் மிரட்டும் அந்த இடத்தில் மணியை மட்டும் இறக்காதீர்கள்.

முதல் நாள் நடை

கோயிலுக்குள் நாய் போக முடியாது. இருபத்திரண்டு தீர்த்தமாடப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே குடும்பத்தை இரண்டு கோஷ்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கோஷ்டி உள்ளே. மற்றது மணியோடு விடுதியில். பிறகு மாற்றிக்கொள்வது. இதிலும் முதல் கோஷ்டியில் அம்மாள் பெயர் இருக்கட்டும்.

மாலையில் வெயில் இறங்கியதும் கந்தமாதன பர்வதத்துக்கு நடக்கலாம். ஊருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர். பர்வதம் என்றால் பயந்துவிடாதீர்கள், மணல்மேடுதான். ஆனாலும் தீவில் அதைவிட உயரமான இடம் இல்லை. மண்டபத்தில் ராமர் பாதம் இருக்கிறது. மேலே ஏறியவர்களுக்குத் தீவும் கடலும் சேர்ந்து தெரியும். கீழே மணியோடு நிற்கிறவர் மனம் வருந்த வேண்டாம். தன்னை ஒருவன் காரணமில்லாமல் தடியால் அடித்தான் என்று ஒரு நாய் ராமர் சபைக்கே வந்து முறையிட்டதாகவும், ராமர் அதை அழைத்து விசாரித்து நியாயம் சொன்னதாகவும் உத்தரகாண்டத்தோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். ராமர் ஊரில் மணியும் கௌரவமான விருந்தாளிதான்!

தனுஷ்கோடி

இரண்டாம் நாள் பெரிய நடை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை 5 கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு இன்னும் நாலரை. 2017-ல் இந்தத் தார் ரோடு திறந்த பிறகு கார் முனை வரைக்கும் போகிறது. பாட்டியும் சின்னக் குழந்தைகளும் காரில் முன்னே போகட்டும். மற்றவர்கள் மணியோடு விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடுங்கள். வழியில் நிழல் என்பதே இல்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூடு தணிய வேண்டும். புறங்கையைத் தாரின் மேல் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணுவதற்குள் கையை எடுத்தீர்களானால், மணியின் பாதத்துக்கும் அது சுடும். ஒன்பது மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

இடது கைப்பக்கம் அமைதியான கடல். வலது பக்கம் சீறுகிற கடல். மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். காரணத்தை நீங்களே யோசித்துச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்!

1964 டிசம்பர் 22 இரவு, புயலோடு வந்த கடல் இந்தப் பட்டணத்தை வாரிக்கொண்டு போயிற்று. பிரயாணிகளோடு வந்த ரயிலையும் விடவில்லை. பவளக்கல்லால் கட்டிய மாதா கோயிலின் சுவர்களும், ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. காரில் வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு கால் மணியில் திரும்பிவிடுவார்கள். உங்களால் முடியாது, மணி ஒவ்வொரு கல்லையும் முகர்ந்து பார்த்தாக வேண்டும். அது நிற்கிற இடத்தில் நீங்களும் நிற்பீர்கள். அப்போதுதான், கரைவலை இழுக்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைப் பெண்கள் குடத்தில் மொண்டு எடுப்பதையும் பார்ப்பீர்கள். அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் இங்கே குடித்தனம் நடக்கிறது என்பது மெதுவாக நடக்கிறவர்களுக்குத்தான் தெரிகிறது.

மணிக்குக் கடல் தண்ணீர் ஆகாது, வாந்தி எடுக்கும். கையோடு நல்ல தண்ணீர் கொண்டு போங்கள். வலையிலிருந்து உதறிப் போட்ட மீன்களில் பேத்தை கிடக்கும். அதைத் தின்றால் நாய் பிழைப்பது துர்லபம். சொறியும் ஒதுங்கும், முகர விடாதீர்கள். முனையில் நீரோட்டம் பொல்லாதது. மனிதரும் இறங்கக் கூடாது, நாயும் இறங்கக் கூடாது. இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

கயிறு கையில் இருக்கட்டும்

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். நமக்குச் சுகமான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அதே மாதங்களில்தான் பூநாரைகள் இந்த ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. அவற்றுக்காகவே 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அதே மாதங்களில்தான் பங்குனி ஆமையும் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டை போலிட்டு மூடிவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதாகி வளர்ந்தால் அதிகம் என்கிறார்கள். வனத்துறையினர் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் காப்பாற்றுகிறார்கள். நாய் மூக்குக்கு அந்தக் குழி தெரியாமல் போகாது. மணி கெட்ட நாய் அல்ல. மோப்பம் அதன் சுபாவம். ஐந்து நிமிஷம் அவிழ்த்துவிட்டால் ஒரு கூடு போயிற்று. "பாவம், ஓடியாடட்டுமே" என்று குழந்தைகள் கெஞ்சுவார்கள். அப்போது முட்டையிட்ட ஆமையும் ஒரு தாய்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள், குழந்தைகளுக்குப் புரியும்.

ஆகவே இரண்டு மீட்டர் நீளமுள்ள உறுதியான தோல்வார். நடை அலை நனைத்த ஈர மணலில். மேட்டு மணலுக்குப் போக வேண்டாம். மணி அசுத்தம் செய்தால் எடுத்துப் போட ஒரு பையும் காகிதமும். மன்னார் வளைகுடாவின் இருபத்தோரு சிறு தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கெல்லாம் மணியோடு போகும் யோசனையே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மணிக்கு வயதாகிவிட்டதா? மூக்குச் சப்பையான ஜாதியா? இருதயம் பலவீனம் என்று வைத்தியர் சொன்னாரா? அப்படியானால் தீவு வேண்டாம். வீட்டு நிழலே அதற்குச் சொர்க்கம். அப்போது ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லார் பெயரையும் எழுதி முறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வருஷம் அண்ணா, அடுத்த வருஷம் அப்பா. நாய்க்குச் சோறு வைப்பது அப்படி ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை. ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள்.